மூலிகையிலிருந்து மருந்து வரை: இயற்கைப் பொருள் ஆய்வின் சிக்கல்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபு மருந்துகளையும் தாவரச் சேர்மங்களையும் மருந்தியல் நோக்கில் ஆராயத் தொடங்கும் மாணவர்களும், இத்துறைச் செய்திகளைத் தொடர்ந்து வாசிக்கும் பொது வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விடைகள் எல்லாம் ஒரே நீளத்தில் இல்லை; சிக்கல்களும் ஒரே அளவானவை அல்ல.

“இந்த மூலிகை வேலை செய்யுமா?” என்று கேட்டால் மருந்தியலாளர்கள் ஏன் நேராகப் பதில் சொல்வதில்லை?

எந்தச் செடி, அதன் வேரா இலையா, எந்தப் பருவத்தில் பறித்தது, நீரில் காய்ச்சியதா சாராயத்தில் ஊறவைத்ததா, எவ்வளவு, எந்த நோய்க்கு, யாருக்கு என்பவை முடிவாகாத வரை அந்தக் கேள்விக்கு ஆம் என்றாலும் தவறு, இல்லை என்றாலும் தவறு. பாராசிட்டமால் மாத்திரையை எந்த ஆலை தயாரித்தாலும் அதில் உள்ள செயல்மூலக்கூறு ஒன்றுதான். ஒரு தாவரத்தின் வடிசாற்றிலோ நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கும். தயாரிக்கும் முறை சற்று மாறினாலும் அவற்றின் விகிதம் மாறிவிடும். ஆகவே ஓர் ஆய்வின் முடிவு அந்த ஆய்வில் பயன்பட்ட தயாரிப்புக்கு மட்டுமே உரியது; மூலிகையின் பெயருக்கு உரியது அன்று.

மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் கண்டறியப்பட்ட வரலாற்றில் இதை மிக நெருக்கமாகப் பார்க்கலாம். சீனாவில் 1967இல் தொடங்கிய “523” என்ற அரசுத் திட்டத்தில் பணியாற்றிய தூ யூயூவின் குழு, பழைய மருத்துவச் சுவடிகளில் காய்ச்சலுக்குக் கூறப்பட்ட பல மூலிகைகளைச் சோதித்தது. ‘சிங்ஹாவ்’ என்னும் செடியின் வடிசாறு ஒருமுறை நல்ல பலன் காட்டியது. மறுமுறை செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன மருத்துவர் கோ ஹொங்கின் குறிப்பில், ஒரு கைப்பிடிச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அந்தச் சாற்றைக் குடிக்குமாறு சொல்லப்பட்டிருந்தது, காய்ச்சுமாறு சொல்லப்படவில்லை. சூடுபடுத்துவதே செயல்பொருளைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்ற தூ யூயூ, ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கரைப்பானாகக் கொண்டு குறைந்த வெப்பத்தில் சாறெடுத்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு, மலேரியா தொற்றிய எலிகளில் ஒட்டுண்ணிகளை முழுமையாக ஒழித்தது. இலையை மட்டும் எடுக்க வேண்டும் என்பதும், விளையும் பகுதியைப் பொறுத்துச் செயல்பொருளின் அளவு பெரிதும் வேறுபடுகிறது என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தவை. முதல் தோல்வியோடு “இச்செடிக்கு மலேரியாவைத் தீர்க்கும் ஆற்றல் இல்லை” என்று எழுதி முடித்திருந்தால், அன்றைய தரவுகளின்படி அதுவும் நேர்மையான முடிவாகவே இருந்திருக்கும்.

தாவரத்தைச் சரியாக அடையாளம் காண்பது அவ்வளவு பெரிய சிக்கலா?

ஆம், அதன் விலை சில வேளைகளில் உயிராகவும் இருந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் எடைக் குறைப்புச் சிகிச்சை பெற்ற பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் மிக விரைவாகச் செயலிழந்தன. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கலவையில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற தாவரம் இருக்க வேண்டும். ஆனால் அதன் இடத்தில், சீன மொழியில் ஏறத்தாழ அதே பெயரால் வழங்கும் அரிஸ்டோலோக்கியா இனத் தாவரம் சேர்ந்திருந்தது. பின்னது அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்டது. 1993இல் மருத்துவ இதழில் முதலில் பதிவான இந்த நோய் நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அவர்களுள் 39 பேரின் செயலிழந்த சிறுநீரகங்களும் சிறுநீர்க் குழாய்களும் முன்னெச்சரிக்கையாக அகற்றப்பட்டபோது, 18 பேரிடம் புற்றுநோய் இருந்தது என்று 2000இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

வேர், பட்டை, பொடி என்ற வடிவில் வரும் சரக்கில் பூவும் இலையும் இருக்காது. கண்ணால் பார்த்து இனம் பிரிப்பது அங்கே இயலாது. எனவே சேகரித்த செடியின் ஒரு பகுதியை உலர்த்தி, எண்ணிட்டு, தாவர மாதிரிக் காப்பகத்தில் வைப்பது ஆய்வின் முதல் கடமையாகிறது. இன்று டி.என்.ஏ. வரிசையைக் கொண்டும் இனங்காண முடியும். ஆனால் காய்ச்சி வடித்த சாற்றில் டி.என்.ஏ. சிதைந்துவிடும். அதோடு, அது இனத்தைத்தான் சொல்லும். எந்தச் சேர்மம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. வேதிப் பகுப்பாய்வும் உடன் இருந்தால்தான் அது பயன்படும்.

ஒரே இனத் தாவரம்தானே, அதன் வேதிப்பொருள்கள் எப்படி மாறும்?

தாவரம் இச்சேர்மங்களை நமக்காகச் செய்வதில்லை. பூச்சி, பூஞ்சை, வறட்சி, வெயில் ஆகியவற்றைச் சமாளிக்கத் தன் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் செய்துகொள்கிறது. மண், வயது, பருவம், பறித்த பின் உலர்த்திய விதம், கிடங்கில் இருந்த காலம் ஆகிய எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு.

போர்னியோத் தீவின் சரவாக் பகுதியில் 1987இல் சேகரிக்கப்பட்ட கேலோஃபில்லம் லானிஜெரம் என்ற மரத்தின் மாதிரி, எச்.ஐ.வி. வைரசைக் கட்டுப்படுத்தும் கேலனோலைடு-ஏ என்ற சேர்மத்தைத் தந்தது. மேலும் மாதிரி வேண்டும் என்று அதே இடத்துக்குத் திரும்பிச் சென்றபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது. அதே இனத்தைச் சேர்ந்த வேறு மரங்களிலிருந்து எடுத்த மாதிரிகளில் அந்த ஆற்றல் போதிய அளவில் கிடைக்கவில்லை. இடக்குறிப்பும் உலர்மாதிரியும் இல்லாத சேகரிப்பை ஏன் ஆய்வகங்கள் மதிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

செயல்படும் சேர்மத்தைப் பிரித்தெடுக்கும்போது ஆற்றல் ஏன் காணாமல் போகிறது?

வழக்கமான முறை இது: முழுச் சாற்றைச் சோதிப்பார்கள், ஆற்றல் இருந்தால் அதைப் பல பின்னங்களாக, அதாவது சேர்மக் கூறுகளாக, பிரிப்பார்கள், ஆற்றலுள்ள பின்னத்தை மேலும் பிரிப்பார்கள், இப்படியே ஒரு தூய சேர்மத்தை எட்டும் வரை போவார்கள். பல மாத உழைப்புக்குப் பின் கடைசியில் கிடைக்கும் பத்துப் பன்னிரண்டு தூய சேர்மங்களில் எதுவுமே செயல்படாமல் நிற்பதும் இந்தத் துறையில் சகஜம்.

காரணங்கள் பல. சேர்மம் ஒளியாலோ வெப்பத்தாலோ, சேர்மங்களைப் பிரிக்கும் குழாயில் நிரப்பப்படும் சிலிக்காவாலோ சிதைந்திருக்கலாம். தொடக்கத்தில் கண்ட ஆற்றலே பொய்த் தோற்றமாக இருந்திருக்கலாம். துவர்ப்பு தரும் தாவரச் சேர்மங்களான டானின்கள் புரதங்களோடு கண்மூடித்தனமாகப் பிணைந்து எந்த நொதியையும் தடுப்பதுபோல் காட்டும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் அவற்றை முதலிலேயே அகற்றிவிடுவார்கள். மூன்றாவது காரணமே அறிவியல் நோக்கில் சுவையானது: சேர்மங்கள் ஒன்றுக்கொன்று துணையாகச் செயல்படலாம். பெர்பெரிஸ் இனச் செடிகளில் உள்ள பெர்பெரின், பாக்டீரியாவைக் கொல்லக்கூடியது. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா அதைத் தன் செல்லிலிருந்து ஒரு புரத விசைக்குழாய் மூலம் வெளியேற்றிவிடுகிறது. அதே செடியில் 5′-மெத்தாக்சிஹிட்னோகார்ப்பின் என்ற சேர்மமும் இருக்கிறது. அது தனித்து எந்தப் பாக்டீரியாவையும் கொல்வதில்லை; ஆனால் அந்த விசைக்குழாயை அடைத்துவிடுகிறது. 2000இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பின்படி, இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகச் சோதிப்பவர் ஒன்றைப் பலவீனமானது என்றும் மற்றொன்றைப் பயனற்றது என்றும் எழுதிவிடுவார்.

இதைச் சொன்னவுடன், “அப்படியானால் எல்லா மூலிகையும் முழுமையாக எடுத்தால்தான் பலிக்கும்” என்று சிலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். அது சரியன்று. கூட்டுச் செயல்பாடு என்பது ஒவ்வொரு முறையும் அளந்து நிறுவ வேண்டிய ஒன்று. பிரித்தெடுப்பு தோற்றுப்போனதற்குச் சொல்லும் சாக்காக அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

எதிர்த்திசையிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. அரும்பாடுபட்டுத் தூய்மைப்படுத்திய சேர்மம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டதாக இருக்கும். சேர்மங்களின் மூலக்கூறு நிறையைக் காட்டும் நிறைநிறமாலைத் தரவுகளை ஏற்கெனவே தொகுக்கப்பட்ட தரவுத்தளங்களோடு தொடக்கத்திலேயே ஒப்பிடுவது இந்த வீண் உழைப்பைத் தவிர்க்கும்.

“தரப்படுத்தப்பட்ட சாறு” என்று எழுதியிருந்தால் சிக்கல் தீர்ந்ததா?

பாதி தீர்ந்தது எனலாம். தரப்படுத்தல் என்பது பெரும்பாலும் அடையாளத்துக்காக அளக்கப்படும் ஒரு குறிப்பான் சேர்மம் இத்தனை விழுக்காடு இருக்கிறது என்ற உறுதி மட்டுமே. அந்தக் குறிப்பான்தான் செயல்பொருள் என்ற உறுதி அதில் இல்லை. மனச்சோர்வுக்குப் பயன்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையின் சாறு நெடுங்காலம் 0.3% ஹைப்பரிசின் என்ற அளவில் தரப்படுத்தப்பட்டு வந்தது. பின்னர் ஹைப்பர்ஃபோரின் என்ற வேறொரு சேர்மத்துக்கும் அதன் செயல்பாட்டில் முக்கியப் பங்கு இருக்கலாம் என்று ஆய்வுகள் காட்டின. அதற்கு முன் ஒரே தரத்தவை என்று கருதி ஒப்பிடப்பட்ட தயாரிப்புகளில் ஹைப்பர்ஃபோரின் அளவு வேறுவேறாக இருந்திருக்கக் கூடும்.

சோதனைக் குழாயில் புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் சாறு மனிதரில் ஏன் பயன்படுவதில்லை?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஒரு சாறு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் செறிவில் செல்களைக் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுரைகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் அளவு இது. ஒருவரின் ரத்தப் பிளாஸ்மா ஏறத்தாழ 3 லிட்டர். அந்தச் செறிவைப் பிளாஸ்மாவில் மட்டும் எட்டவே 300 மில்லிகிராம் சாறு முழுவதும் ரத்தத்துக்குள் புக வேண்டும். சேர்மங்கள் உடலின் 40 லிட்டர் அளவான நீர்ப்பகுதி முழுவதும் பரவினால் 4 கிராம் தேவை. அதுவும் குடலில் ஒரு துளி வீணாகாமல், கல்லீரல் எதையும் மாற்றாமல், சிறுநீரகம் எதையும் வெளியேற்றாமல் இருந்தால்தான். நடப்பில் வாய்வழி கொடுத்ததில் ஒரு விழுக்காடு கூட உள்ளே சேராத சேர்மங்கள் ஏராளம்.

மஞ்சளில் உள்ள குர்குமினை எடுத்துக்கொள்வோம். வாய்வழி உட்கொண்ட குர்குமின் ரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்கு மிகக் குறைவாகவே சேர்கிறது. மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்த அளவு பல மடங்கு உயர்ந்ததாக 1998இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனாலும் மிகச் சிறிய எண்ணைப் பல மடங்காக்கினாலும் அது சிறிய எண்ணாகவே இருக்கக்கூடும். அத்துடன், பல சோதனை முறைகளில் பொய்யான நேர்முடிவு தரும் சேர்மங்கள் என்ற வகையிலும் குர்குமின் வருகிறது. அது தானாக ஒளிர்கிறது, உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கிறது, புரதங்களோடு வினைபுரிகிறது, கார நீர்மத்தில் விரைவில் சிதைகிறது. 2017இல் வெளியான ஒரு விரிவான மதிப்பாய்வு, நூற்றுக்கு மேற்பட்ட மனிதச் சோதனைகளுக்குப் பின்னும், மருந்துப்போலியோடு (மருந்தில்லாத போலி மாத்திரையோடு) ஒப்பிட்டு, யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்று நோயாளியும் ஆய்வாளரும் அறியாதவாறு நடத்திய எந்தச் சோதனையும் குர்குமினுக்குச் சாதகமான முடிவைத் தரவில்லை என்று கூறியது. ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்த ஒரு சேர்மத்தின் நிலை இது.

மறுபக்கமும் உண்டு. சென்னா இலையின் சென்னோசைடுகள் தம்மளவில் செயலற்றவை. பெருங்குடலில் உள்ள பாக்டீரியா அவற்றை ரெயின் ஆந்த்ரோனாக மாற்றிய பின்புதான் மலமிளக்கும் ஆற்றல் வருகிறது. இதைச் செல் வளர்ப்புத் தட்டில் மட்டும் சோதித்திருந்தால் பயனற்றது என்று ஒதுக்கியிருப்பார்கள்.

பல நூற்றாண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பதே பாதுகாப்புக்குச் சான்று இல்லையா?

ஒரு பகுதி மட்டும் சான்று. உட்கொண்ட சில மணி நேரத்தில் வாந்தியோ மயக்கமோ தரும் தாவரத்தை மரபு அறிவு நிச்சயமாகக் கண்டுகொள்ளும். பத்து ஆண்டுகள் கழித்து வரும் புற்றுநோயையோ, ஆயிரத்தில் ஒருவருக்கு நேரும் கல்லீரல் பாதிப்பையோ, எந்த மரபும் ஒரு குறிப்பிட்ட மூலிகையோடு தொடர்புபடுத்தியிருக்க வழியில்லை; அதற்குப் பெருந்தொகை மக்களின் பதிவேடுகள் வேண்டும். அரிஸ்டோலோக்கியா இனத் தாவரங்கள் பல நாடுகளின் மரபு மருத்துவங்களில் நெடுங்காலம் இருந்தவை. அவற்றின் அமிலம் டி.என்.ஏ.வோடு பிணைந்து மாற்றங்களை உண்டாக்குகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவானது; இன்று அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என உலக அளவில் வகைப்படுத்தப்பட்டுள்ளது. மேலும், பழைய நூல் சொன்ன அளவும் தயாரிப்பும் வேறு. செறிவூட்டிய சாற்றை மாத்திரையாக்கி மாதக்கணக்கில் உட்கொள்வது வேறு.

இதனால் மரபு அறிவு மதிப்பற்றது என்று கொள்வது மறுகோடித் தவறு. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த ஒரு குடும்பக் கைமருந்தில் டிஜிட்டாலிஸ் என்ற செடிதான் உடலில் நீர் தேங்கி வரும் வீக்கத்தைக் குறைக்கிறது என்று ஊகித்து, பத்தாண்டுக் காலம் நோயாளிகளிடம் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, பலித்தவற்றோடு பலிக்காதவற்றையும் சேர்த்து 1785இல் வெளியிட்டார். மரபு ஒரு கருதுகோளைத் தந்தது. அளவைக் கண்டறிந்தது அவருடைய பொறுமை. அந்தப் பொறுமை இன்றைய கட்டுரைகள் பலவற்றில் இல்லை என்பதே என் கருத்து.

மூலிகைகளை மனிதரிடம் சோதிப்பதில் தனியாக என்ன சிரமம்?

முதலாவது, மறைப்பு; அதாவது யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்று தெரியாமல் வைப்பது. கசப்பும் மணமும் நிறமும் உள்ள கஷாயத்துக்கு அதேபோன்ற மருந்துப்போலி செய்வது எளிதன்று. கசப்புக்காகச் சேர்க்கும் பொருளுக்கே ஏதாவது விளைவு இருக்கக்கூடும். இரண்டாவது, மரபு மருத்துவர் ஒவ்வொரு நோயாளிக்கும் வேறு கலவை கொடுப்பார். எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் சோதனை அவருடைய முறையைச் சோதித்ததாகாது. நோயறிதலை அவர் முறைப்படியே விட்டு, கிடைக்கும் பலனை மட்டும் மறைப்போடு அளக்கும் வகையில் சோதனையை வடிவமைக்க முடியும். ஆனால் செலவு கூடும். காப்புரிமை கிடைக்காத பொருளுக்கு அந்தச் செலவை ஏற்க யாரும் எளிதில் முன்வருவதில்லை.

முன்வந்தபோது தெளிவான விடைகள் கிடைத்திருக்கின்றன. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரில் ஒரு பகுதியினருக்கு ஜின்கோ மர இலைச் சாற்றை நாளுக்கு இருவேளை 120 மில்லிகிராம் வீதமும் மற்றவர்களுக்கு மருந்துப்போலியும் கொடுத்து, சராசரியாக ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு, மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை என்று 2008இல் அறிவித்தது. விரும்பத்தகாத விடைதான், ஆனால் விடை.

மூன்றாவது சிரமம் கலப்படம். புராஸ்டேட் புற்றுநோய்க்கென விற்கப்பட்ட பிசி-ஸ்பெஸ் என்ற எட்டு மூலிகைக் கலவை, ஆய்வுகளில் வியப்பூட்டும் பலன் காட்டியது. பகுப்பாய்வு செய்தபோது அதன் பல தொகுதிகளில் செயற்கை ஈஸ்ட்ரோஜனான டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், ரத்த உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின், வலியையும் அழற்சியையும் குறைக்கும் இண்டோமெத்தசின் ஆகியவை இருந்தன. 2002இல் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. நடந்துகொண்டிருந்த சோதனைகள் நின்றன. காட்டப்பட்ட பலனில் மூலிகையின் பங்கு எவ்வளவு என்பதை அந்தத் தரவுகளிலிருந்து இனிப் பிரித்தெடுக்க முடியாது.

மூலிகையும் நவீன மருந்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியாதா?

ஓரளவு முடியும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டின் ஹைப்பர்ஃபோரின், கல்லீரலில் சிஒய்பி3ஏ4 என்ற நொதியின் உற்பத்தியைத் தூண்டுகிறது. மருந்துகள் பலவற்றைச் சிதைப்பது அந்த நொதிதான். எச்.ஐ.வி. மருந்தான இண்டினாவிர் உடலில் கிடைக்கும் மொத்த அளவை இம்மூலிகை 57% குறைத்தது என்று 2000இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டில், இதய மாற்று சிகிச்சை பெற்ற இருவர் இதை உட்கொண்டதால், உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான சைக்ளோஸ்போரினின் அளவு ரத்தத்தில் வீழ்ந்து, பொருத்திய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியதும் பதிவானது. நொதிச் சோதனைகளை இப்போது தொடக்கத்திலேயே செய்கிறார்கள். ஆனால் நோயாளி தாம் உட்கொள்ளும் மூலிகையை மருத்துவரிடம் சொல்லாவிட்டால் அந்தச் சோதனை யாருக்கும் உதவாது.

நல்ல சேர்மம் கிடைத்துவிட்டால் மருந்து வந்துவிடுமா?

போதிய அளவு கிடைக்க வேண்டும். பசிபிக் யூ மரத்தின் பட்டை 1962இல் சேகரிக்கப்பட்டது. அதிலிருந்து கிடைத்த புற்றுநோய் மருந்தான பக்ளிடாக்செலின் அமைப்பு 1971இல் வெளியானது. அது செல்பிரிதலை எவ்வாறு தடுக்கிறது என்று 1979இல் தெரிந்தது. சினைப்பைப் புற்றுநோய்க்கான அனுமதி 1992இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தின் பெரும் தடைகளில் ஒன்று வரத்து. நூறாண்டு வயதான மரத்தின் பட்டையை முழுவதும் உரித்தால் ஏறத்தாழ ஒருவேளை மருந்துக்குத்தான் தேறும். உரித்த மரம் பிழைக்காது. வேறொரு யூ இனத்தின் இலையில் கிடைக்கும் முன்னோடிச் சேர்மத்தை வேதிமுறையில் மாற்றியமைத்ததும், பின்னர் தாவரச் செல் வளர்ப்பும்தான் அந்த முட்டுக்கட்டையை நீக்கின.

மரபு அறிவு யாருக்குச் சொந்தம்? காப்புரிமை விதிகள் ஆய்வைத் தடுக்கின்றனவா?

இரண்டு பக்கமும் நெருக்கடி இருக்கிறது. ஒருபக்கம், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய எழுத்துச் சான்றுகளைக் காட்டி எதிர்த்ததால் 1997இல் நீக்கப்பட்டது. வேப்ப எண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்தும் முறைக்கான ஐரோப்பியக் காப்புரிமை 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் அது உறுதியானது. 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை, மரபணு வளத்தையும் மரபு அறிவையும் பெறுமுன் உரியவர்களின் ஒப்புதலும் பயன்பகிர்வு உடன்பாடும் வேண்டும் என்கிறது. இது நியாயமானது. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் எந்த அலுவலகத்தில் விண்ணப்பிப்பது என்பதே தெளிவாகாமல் சிறிய ஆய்வுக் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் உண்மை.

மறுபக்கம், இயற்கையில் உள்ளதைப் பிரித்தெடுத்ததாலேயே காப்புரிமை கோர முடியாது என்ற போக்கு, 2013இல் மரபணு வரிசைகள் குறித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் வலுத்திருக்கிறது. மாற்றியமைத்த சேர்மத்தில்தான் முதலீடு போகிறது. மாற்றாத மூலிகைச் சாறு ஆய்வின்றி நிற்கிறது.

கலவையைப் பிரிக்காமல் அப்படியே மருந்தாக அனுமதிக்கவே மாட்டார்களா?

அனுமதித்திருக்கிறார்கள், எண்ணிக்கைதான் மிகக் குறைவு. தேயிலைச் சாற்றுக் களிம்பு ஒன்றுக்குப் பிறப்புறுப்பு மருக்களுக்காக 2006இலும், தென்னமெரிக்க மரம் ஒன்றின் செந்நிறப் பாலிலிருந்து எடுத்த குரோஃபெலெமருக்கு, எச்.ஐ.வி. சிகிச்சை பெறுவோரின் வயிற்றுப்போக்குக்காக 2012இலும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. எல்லாச் சேர்மங்களையும் தனித்தனியே அடையாளம் காட்டுமாறு அங்கே கேட்கவில்லை. பயிரிடும் நிலத்திலிருந்து இறுதித் தொகுதி வரை ஒவ்வொரு கட்டத்தையும் கட்டுப்படுத்துவதோடு, வெவ்வேறு தொகுதிகள் மனிதரிடம் ஒரே பலனைத் தருகின்றன என்றும் காட்ட வேண்டியிருந்தது. மூலிகை ஆய்வில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் பகுதி அதுவே.

ஒரு மூலிகை ஆய்வுக் கட்டுரையை வாசிக்கும்போது முதலில் எதைப் பார்ப்பது?

சுருக்கத்தையும் முடிவுரையையும் விட்டுவிட்டுச் செய்முறைப் பகுதிக்குச் செல்லுங்கள். தாவரத்தின் முழு அறிவியல் பெயர், பயன்பட்ட உறுப்பு, இடமும் மாதமும், காப்பக மாதிரி எண், கரைப்பான், எத்தனை கிராம் சரக்கிலிருந்து எத்தனை கிராம் சாறு, அச்சாற்றின் வேதிப் பதிவு ஆகியவை அங்கே இருக்க வேண்டும். பிறகு செறிவைப் பாருங்கள். மேலே போட்ட கணக்கை அதற்கும் போட்டுப் பாருங்கள். “சந்தையில் வாங்கிய பொடி பயன்படுத்தப்பட்டது” என்ற ஒற்றை வரியோடு செய்முறை முடிந்துவிட்டால், அதன் பின்னுள்ள வரைபடங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் மேற்கொண்டு வாசிப்பதில்லை. அந்தச் சோதனையை வேறொருவர் திரும்பச் செய்ய முடியாது.